இருநூற்று எண்பத்தைந்து வித்தியாசம்

ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகை முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, கிண்ணியாவில் நஜ்முன் நிஸாவின் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: நஜ்முன் நிஸா, அவளுடைய வாப்பா அப்துல் மஜீத், தண்ணீர் மோட்டார் திருத்த வந்த ஒருவர், பெயரை யாரும் கேட்கவில்லை, அவருடைய வயரை மென்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆடு. அந்த நேரத்தில் நிஸாவின் கணவன் இக்ராம் ஐந்து வித்தியாசங்களோடு வேலையால் வந்தான்.

காலையில் போனபோது அவனுடைய இடது காதுச் சோணை தனியே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கன்னத்தோடு ஒட்டியிருந்தது. தலைவகிடு ஓர் அரிசி மணி அளவு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. நாடிக்குக் கீழே இருந்த பழைய தழும்பு சாய்ந்து கிடந்தது, நேராகியிருந்தது. சட்டையின் மூன்றாவது பொத்தான் துளை நெடுக்காக இருந்தது, குறுக்காகியிருந்தது. எப்போதும் இடது செருப்பை முதலில் கழற்றுகிறவன் வலது செருப்பை முதலில் கழற்றினான். கேற்றிலிருந்து படி வரை பன்னிரண்டு எட்டு நடை. அதற்குள் நிஸா ஐந்தையும் கண்டுவிட்டாள். மற்றவர்கள் ஒன்றையும் காணவில்லை.

"வாப்பா, இவர ஒருக்கா நல்லாப் பாருங்க" என்றாள்.

மஜீத் நல்லாகத்தான் பார்த்தார். "ஓம், மருமகன் வந்திட்டார். டீ ஊத்து புள்ள."

அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும், சாவி பெண்ணின் இடுப்பில் இருக்கும். பெற்றவர்கள் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிடுவார்கள். மனைவியை இழந்த மஜீத் அப்படித்தான் மாறியிருந்தார். ஆகவே படியில் நிற்பவன் யார் என்று முடிவு செய்ய வேண்டியவள் நிஸா. கணவன் என்றால் உள்ளே வரலாம். கணவன் இல்லை என்றால் அவன் அந்நிய ஆண். அவனோடு ஒரே கூரையின் கீழ் ஓர் இரவு இருப்பதும் ஹராம். நடுவில் வேறு வழி கிடையாது. அன்று அவள் டீ ஊற்றினாள். பாயை மட்டும் அறைக்கு வெளியே, ஹோலில் விரித்தாள். உடம்புக்கு ஏலாது என்றாள். அவன் ஒன்றும் கேட்காமல் படுத்தான். கேட்காததும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நிஸாவின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினேழு வயதிலிருந்து அவள் இறால் வாடியில், கடற்கரைக் கொட்டிலில், தரம் பிரிக்கிறவள். கொட்டியாரக் குடாவிலிருந்தும் தம்பலகாமக் குடாவிலிருந்தும் வரும் இறால் ஐஸோடு மேசையில் கொட்டப்படும். கிலோவுக்கு முப்பது நிற்பது ஒரு கூடை, நாற்பது நிற்பது ஒரு கூடை, அறுபது நிற்பது ஒரு கூடை, ஓடு இளகியது வேறு. தராசு கிடையாது. பார்த்த மாத்திரத்தில் கை எறிய வேண்டும். கூடை மாறி விழுந்தால் கொழும்பிலிருந்து பெட்டி திரும்பி வரும். எட்டு வருடத்தில் நிஸாவின் பெட்டி ஒருமுறையும் திரும்பி வரவில்லை. கண் அப்படிப் பழகிய பிறகு அதை வாடியிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. கடையில் பாண் வாங்கினால் நேற்றைய பாணுக்கும் இன்றைய பாணுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்வாள். பேக்கரிக்காரன் அவளைக் கண்டால் சிரிப்பதில்லை.

இக்ராம் மூதூரான். கெம்பஸில் இரண்டு வருடம் கம்பியூட்டர் படித்துவிட்டு ஒரு நாள் பையோடு திரும்பி வந்தவன். ஏன் என்று உம்மாவுக்கும் சொல்லவில்லை. பிறகு திருகோணமலை டவுனில் அஞ்சலோ என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். கீழே டயர்க் கடை, மேலே அஞ்சலோவின் ஒபிஸ், ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகம். அங்கே போனில் விளையாடும் ஒரு கேம் செய்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றைப் போலவே மற்றது, ஐந்து இடத்தில் மட்டும் வித்தியாசம். ஒரு நிமிடத்துக்குள் ஐந்தையும் விரலால் தொட்டால் அடுத்த லெவல். படம் கீறுவது இக்ராமின் வேலையில்லை. வலப்பக்கப் படத்தில் எதை மாற்றுவது, எந்த லெவல் இலேசு, எந்த லெவல் கஷ்டம், எதற்குப் பின்னால் எது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் அவன் வேலை.

அதை அவன் விளையாட்டாக எடுக்கவில்லை. ஒரு பொருளை முழுதாக எடுத்துவிடுவது இலேசு: பட்டம் இருந்தது, இப்போது இல்லை. நிறத்தை மாற்றுவது நடுத்தரம். பொருளும் இருக்க வேண்டும், நிறமும் இருக்க வேண்டும், ஆனால் ஒரு நூல் அளவு பிசகியிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். நாலு கஷ்டத்துக்குப் பிறகு ஓர் இலேசு வர வேண்டும், ஆள் மூச்சு விட. மூன்றாம் லெவலில் விட்டுப் போகிறவன் சும்மா போகிறான். முப்பதாம் லெவலில் விட்டுப் போகிறவன் கோபத்தோடு போகிறான். சோறு தின்னும்போதும் இதைத்தான் கதைப்பான். கல்யாணம் முடித்த புதிதில் நிஸாவுக்கும் அவனுக்கும் இடையே வேறு பெரிய கதை இருக்கவில்லை. இதுவே போதுமாக இருந்தது.

லெவல் சரியா என்று அளந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். இக்ராமுக்குக் கையருகே இருந்த ஆள் நிஸா. அவன் செய்த பிழை அதுதான். பின்னேரங்களில் குசினி மேசையில் போனை வைப்பான், கைமணிக்கூட்டில் நேரம் பிடிப்பான். முதல் லெவலை அவள் மூன்று விநாடியில் முடித்தாள். பத்தாவதை ஒன்பது விநாடியில் முடித்தாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கருவாடு கழுவப் போனாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒபிஸுக்குப் போய் இன்னும் நுணுக்கமாக மாற்றினான். கேத்தல் பிடியின் வளைவை, விளக்குச் சுடரின் சரிவை, மீன்காரனின் காதுச் சோணையை. அறுபத்தெட்டாவது லெவலுக்கு அவளுக்கு ஐம்பத்தொரு விநாடி பிடித்தது. அவன் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினான். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதுதான் சரியான கஷ்டம் என்றான். அன்று இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் ஐஸ்கிறீம் தின்றார்கள்.

கேமை வெளியே விட்டார்கள். அறுபதாயிரம் பேர் போனில் இறக்கினார்கள். பன்னிரண்டாம் லெவலில் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். முந்நூற்று நாற்பது பேர் மட்டும் விடாமல் விளையாடி அறுபத்தெட்டையும் முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வெளிநாட்டில் யாரோ பெரிய மூளைக்காரர்கள் என்று அஞ்சலோ நினைத்தார். எந்த ஊர் என்று கம்பியூட்டரில் பார்த்தால் கிண்ணியா, மூதூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று. எல்லாம் இறால் வாடிப் பெண்கள். அஞ்சலோ இக்ராமைக் கூப்பிட்டார்.

"ஐசே, நீர் உலகத்துக்கு கேம் செய்யேல்லை. உம்மட மனிசிக்குச் செய்திருக்கிறீர்."

பன்னிரண்டிலிருந்து அறுபத்தெட்டு வரை ஐம்பத்தேழு லெவலையும் இலேசாக்கச் சொன்னார். கிழமைக்கு இரண்டு, செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று. அளந்து பார்க்க இனி நிஸா வேண்டாம். அஞ்சலோவின் அப்பா பஸ்தியாம்பிள்ளை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு கண்ணில் கற்றரக் புரை வெட்டியிருந்தது, மற்றக் கண்ணில் வெட்டவில்லை. அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பதை உலகமும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கும் என்று அஞ்சலோ கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு சரியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இக்ராம் இதை நிஸாவிடம் சொல்லவில்லை. லெவல் வேலை முடிந்துவிட்டது, இனிப் பார்க்கத் தேவையில்லை என்று மட்டும் சொன்னான். குசினி மேசையில் போனை நிமிர்த்தி வைப்பது நின்றது. அந்தக் கிழமைதான், செவ்வாய்க்கிழமை, காதுச் சோணை ஒட்டியபடி அவன் வந்து நின்றது. வியாழக்கிழமை இன்னும் ஐந்து. அடுத்த செவ்வாய் இன்னும் ஐந்து. வந்தது எதுவும் திரும்பிப் போகவில்லை.

நிஸா முதலில் வேறொரு பெண் என்று சந்தேகித்தாள். பெண்ணொருத்தி தலையைக் கோதினால் வகிடு நகரும். சட்டையை மோந்து பார்த்தாள். முழங்கால் நோவுக்குப் பூசும் தைலம் மணத்தது. எந்த மாதிரிப் பொம்பிளை இவள் என்று யோசித்துக் களைத்தாள். பிறகு, ஆளையே மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகித்தாள். சாயல் உள்ள ஒருவனைப் பிடித்துப் பழக்கி அனுப்புகிறார்கள். அனுப்ப அனுப்பச் சாயல் குறைந்த ஆளாகக் கிடைக்கிறது. யார், எதற்கு என்பதற்கு விடை இல்லை. விடை இல்லாதது சந்தேகத்தைக் குறைக்கவில்லை. அவனிடம் கேள்வி கேட்டாள். கல்யாணத்தன்று மழை எத்தனை மணிக்குப் பெய்தது? நாலு மணிக்கு என்றான். மூன்றே முக்கால். அவளுடைய உம்மாவின் கப்ரடியில் என்ன மரம்? வேம்பு என்றான். சரி. சரியாகச் சொன்னபோதும் யாரோ சொல்லிக்கொடுத்தது போல இருந்தது.

நேரே கேட்டும் பார்த்தாள். "ஒங்கட காது ஏன் இப்பிடி ஒட்டியிருக்கு?"

அவன் கண்ணாடி பார்த்தான். "எப்பயும் இப்பிடித்தானே."

"இல்ல."

"நிஸா, ஒனக்கு வேல கூடிப்போச்சு. மனிசனையும் ஐஸ்ல கொட்டிப் பாக்கிறாய்."

அவன் பொய் சொல்லவில்லை. கண்ணாடியில் அவனுக்கு அவனே தெரிந்தான். ஆனால் நாற்பதாவது வித்தியாசத்தோடு அவனுடைய போன் அவன் முகத்துக்குத் திறக்க மறுத்துவிட்டது. போன் பழசு என்று சொல்லிவிட்டு, இலக்கம் அமுக்கித் திறக்கத் தொடங்கினான். நிஸா அந்தப் போனை மரியாதையோடு பார்த்தாள். வீட்டில் அவளைத் தவிர ஒரு சாட்சி அதுதான்.

மௌலவியிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நிக்காஹ் ஆளோடுதான், காதுச் சோணையோடு இல்லை என்றார். "எத்தின மாறினா ஆள் மாறினதா அர்த்தம்?" என்று அவள் கேட்டாள். கிதாபில் எண்ணிக்கை போடப்படவில்லை என்று சொல்லிவிட்டு அவர் தொழுகைக்கு வுளூச் செய்யப் போனார்.

ஐந்தாவது கிழமை வியாழக்கிழமை, வாடியில் லீவு சொல்லிவிட்டு, பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் டவுனுக்குப் போனாள். டயர்க் கடைக்கு மேலே ஏறினாள். அஞ்சலோ கதவைத் திறந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள்தானா அந்தக் கண்?" என்றார். போட்டிக் கம்பனி யாராவது அவளை அனுப்பியிருப்பார்களோ என்று அவருக்குச் சந்தேகம். அவள் போகும் வரை மேசை லாச்சியைப் பூட்டியே வைத்திருந்தார். இக்ராமின் பக்கத்தில் ஒரு கிழவர் தைலம் மணக்க உட்கார்ந்திருந்தார். பொம்பிளை இவர்தான் என்று நிஸாவுக்கு விளங்கியது. அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. குசினி மேசையில் அவள் இருந்த இடம் அது.

"இருங்கோ தங்கச்சி. இப்ப என்ர சோதனை நடக்குது" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

திரையில் இருபத்தோராம் லெவல். கடற்கரையில் ஒருவன் பட்டம் விடுகிறான். வலப்பக்கப் படத்தில் அவனுடைய புருவத்தின் நுனி ஒரு மயிர் அளவு கீழே வளைந்திருந்தது. அதை நிஸா எட்டு மாதத்துக்கு முன்னம் கண்டுபிடித்தவள். இக்ராம் அந்த நுனியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டான், அழித்தான், இடப்பக்கத்தில் உள்ளது போல நேராக்கினான். அதற்குப் பதிலாகப் பட்டத்தின் வாலை முழுதாக எடுத்தான்.

"ஆ! வாலைக் காணேல்லை!" என்று பஸ்தியாம்பிள்ளை கத்தினார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் முழங்காலில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் இக்ராமின் வலது புருவ நுனி, ஐஸ் கரைகிற வேகத்தில், கீழே வளைந்தது. அஞ்சலோவும் பஸ்தியாம்பிள்ளையும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிஸா மட்டும் இக்ராமைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்திலிருந்து எடுத்த வித்தியாசம் எங்காவது போக வேண்டும், எடுத்தவனிடம் போனது. அந்த லெவலில் இன்னும் நாலு இருந்தன. நாலையும் அவன் எடுப்பதை, நாலும் அவனில் போய் உட்காருவதை அவள் இருந்து பார்த்தாள். கேத்தல் பிடியின் வளைவு மூக்குக்குப் போனது. படகின் முன் அணியத்தின் சரிவு வலது தோளுக்குப் போனது. டீ குடித்தாள், கப்பைக் கழுவி வைத்தாள், பஸ் ஏறினாள்.

அன்று பின்னேரம், அவன் வேலையால் வந்ததும், கண்டதை அப்படியே சொன்னாள். தன்னைப் பற்றிச் சொன்னதை அவன் நம்பவில்லை. சோதனைக்கு வேறு ஆளை வைத்ததை அவள் கண்டுவிட்டாள் என்பதுதான் அவனைச் சுட்டது. "வேலய விடுங்க" என்றாள். "கெம்பஸையும் விட்டு, இதையும் விட்டா, என்ன ஆரு சேப்பாங்க?" என்றான்.

ஆகவே அவள் ஒரு முறை வகுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வித்தியாசமும் வந்து சேர்வதை அவள் பார்த்துக்கொண்டிருக்கும் வரை இவன் இக்ராம்தான். ஒன்றைத் தவறவிட்டால் கயிறு அந்த இடத்தில் அறுந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவன் யாரென்று அல்லாஹ்மீது சத்தியம் பண்ணிச் சொல்ல அவளால் ஏலாது. செவ்வாயும் வியாழனும் வாடியில் பின்னேர வேலையை விட்டாள். கேற்றடியில் நின்றாள். பன்னிரண்டு எட்டுக்குள் ஐந்தையும் எடுத்தாள். எடுத்த பிறகுதான் வழிவிட்டாள். பாய் மறுபடி அறைக்குள் போனது. ஒரு வியாழக்கிழமை மட்டும் வாடியில் இறால் குவிந்து, அவள் மஃரிபுக்குப் பிறகுதான் வந்தாள். அவன் குளித்து உடுப்பு மாற்றியிருந்தான். நாலைத்தான் கண்டாள். பாய் திரும்பவும் ஹோலுக்கு வந்தது. மூன்று நாள் அவனோடு அந்நிய ஆணோடு கதைப்பது போலத் தலைமூடிக் கதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் தும்மினான். எப்போதும் மூன்று தும்மல் தும்முகிறவன் இரண்டோடு நிறுத்தினான். தவறிய ஐந்தாவது அதுதான். அவள் எழும்பிப் போய்ப் பாயை எடுத்து உள்ளே போட்டாள். தும்மினதற்கு ஏன் இந்த மரியாதை என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஏழு மாதத்தில் ஐம்பத்தேழு லெவலும் முடிந்தன. இலட்சக்கணக்கில் ஆட்கள் வந்து பட்டத்தின் வாலைக் காணவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். அஞ்சலோ ஒபிஸுக்கு ஏசி பூட்டினார். வாடிப் பெண்கள் போனிலிருந்து கேமை அழித்தார்கள். கடைசி வித்தியாசம், இருநூற்று எண்பத்தைந்தாவது, ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது: சுண்டுவிரல் நகத்தின் பிறை. மெல்ல மெல்ல வந்தபடியால் தினம் பார்த்த வேறு யாரும் ஒன்றையும் காணவில்லை. மஜீத் காணவில்லை, பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுதவர்கள் காணவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இக்ராமின் உம்மா வந்தா, சித்தி பரீதா என்பது அவவின் முழுப் பெயர். மகள் சனூஸாவின் பிரசவத்துக்குப் புத்தளம் போய் ஏழரை மாதம் நின்றுவிட்டு, மூதூர் வீட்டுக்குப் போகும் வழியில் மகனைப் பார்க்க இறங்கினா. கையில் பேரீச்சம்பழப் பெட்டி. முற்றத்தில் இக்ராம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இக்ராம் நிக்கிறானா?" என்று அவனிடமே கேட்டா.

"என்ன உம்மா, பகிடியா?" என்று அவன் நிமிர்ந்தான்.

சித்தி பரீதாவின் கையிலிருந்து பெட்டி விழுந்தது. "ஆரு நீ? என்ட மருமகள்ட... என்ட மகன்ட வீட்டில நீ ஆரு? கள்ளன்! கள்ளன்!"

வேலிக்கு மேலால் பதினாறு தலை தெரிந்தது. மஜீத் ஓடிவந்தார். சம்பந்தி சொல்வதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு அலுமாரியிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துவந்து இக்ராமின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஆள். அவருடைய சிரிப்பு நின்றது. படத்தில் இருந்தவனுக்கும் பக்கத்தில் இருந்தவனுக்கும் ஒற்றுமை என்று சொல்ல ஒரு நகமும் இல்லை. மூக்கு வேறு, நெற்றி வேறு, நிற்கும் நிலை வேறு. வேலியில் இருந்தவர்கள் தள்ளுமுள்ளுப்பட்டுப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் நிஸாவைப் பார்த்தார்கள்.

"எத்தின மாசமா புள்ள இவனோட இருக்கிறாய்?" என்றார் மஜீத். குரல் மிகவும் சிறியதாக வந்தது.

"கல்யாணம் முடிச்ச நாள்லயிருந்து."

"இவன் மருமகன் இல்லயே!"

"நல்லாப் பாருங்க எண்டு நான் செல்லினனான் வாப்பா. நீங்க டீ கேட்டீங்க."

"ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கிறாள், பாருங்க" என்றா சித்தி பரீதா. "என்ட மகன எங்க வெச்சிருக்காய்? வெட்டிக் குழியில தாட்டியா? இல்லாட்டி இவனக் கண்டதும் அவன வெரட்டினியா?"

வேலியிலிருந்து ஒருவன் பொலிஸுக்குப் போன் எடுக்கச் சொன்னான். இன்னொருவன் அதற்கு முன்னம் இவனைக் கட்ட வேண்டும் என்றான். இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள். இக்ராம் காற்றடிக்கும் பம்பைப் பிடித்தபடி, தன்னுடைய முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் தடவையாக அவனுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது.

நிஸா அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றாள். படத்தை வாப்பாவிடமிருந்து வாங்கி மாமியின் கையில் கொடுத்தாள். "மாமி, படத்தப் பாருங்க. நான் செல்லுறன். ஒண்டு பிழையெண்டாலும் இவரக் கட்டிக்கொண்டு போங்க" என்றாள்.

பிறகு சொல்லத் தொடங்கினாள். ஒன்று, இடது காதுச் சோணை, ஒட்டியது. இரண்டு, வகிடு. மூன்று, நாடித் தழும்பு, சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் விழுந்தது, சாய்வு போய் நேரானது. அந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்ட சித்தி பரீதா வாயை மூடினா. நிஸா கிழமை கிழமையாகப் போனாள். எந்தச் செவ்வாய், எந்த வியாழன், கேற்றிலிருந்து எத்தனையாம் எட்டில் கண்டது, எல்லாம் சொன்னாள். இறாலைக் கூடைகளுக்கு எறிகிற அதே வேகத்தில் சொன்னாள். நாற்பதில், போன் திறக்காமல் போனதை இக்ராமே ஒத்துக்கொண்டான். நூறைத் தாண்டியபோது வேலியில் இருந்தவர்களின் கண்ணுக்குப் படத்தில் இருந்தவனும் இல்லாத, முற்றத்தில் நின்றவனும் இல்லாத, நடுவில் ஒருவன் தெரிந்தான். அவனைத் தாங்கள் பெருநாள் தொழுகையில் கட்டித் தழுவியது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. நூற்று எழுபதில் இருந்தவன் மஜீத்தோடு கூரை ஓடு மாற்றியவன். இருநூற்றுப் பத்தில் இருந்தவன் இரண்டு மாதத்துக்கு முன்னம் பக்கத்து வீட்டு மையித்துக்குக் குழி வெட்டியவன். உள்ளே குதித்த இரண்டு பேரும் வேலியடிக்குப் போய் நின்றார்கள். இருநூற்று முப்பத்தொன்றில் நிஸா ஒரு தரம் தடக்கினாள். வலது முழங்கையா இடது முழங்கையா என்று அவள் கண்ணை மூடினாள். இடது என்றாள். சித்தி பரீதா இக்ராமின் இரண்டு கையையும் பிடித்து மடக்கிப் பார்த்து, இடதுதான் என்று தானே சொன்னா. இருநூற்று எண்பத்தைந்தாவது, நகத்தின் பிறை, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது முடிந்தது.

பாங்கு முடியும் வரை எல்லோரும் பேசாமல் நின்றார்கள்.

"இருநூத்தி எண்பத்தாறு ஒண்டு இரிக்கு" என்றா சித்தி பரீதா. நிஸாவின் முகம் வெளுத்தது. "என்ட மகன் என்னக் கண்டா சலாம் செல்லாமக் கதைக்க மாட்டான். இவன் செல்லல்ல."

"வந்ததும் வராததுமா ஒரு ஆள கள்ளன் கள்ளன் எண்டு கத்தினா," என்றான் இக்ராம், "அவன் எந்த எடத்தில உம்மா சலாத்தச் செருகுற?"

சித்தி பரீதா அவனை வெகுநேரம் பார்த்தா. இருபத்திரண்டு வயதில் பையோடு வந்து நின்று, ஏன் கெம்பஸை விட்டாய் என்று கேட்டபோதும் அவன் இப்படித்தான் ஒரு கேள்வியால் வாயை அடைத்தவன். "இந்த வாய் மட்டும் மாறல்ல" என்றா. கட்டிப்பிடிக்கவில்லை. பேரீச்சம்பழத்தைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியை இக்ராமின் கையில் கொடுத்தா. இரவு தங்க மாட்டேன், வீட்டில் இருக்கும் பழைய படங்களையும் ஒருக்கா ஒத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மூதூர் போகிற கடைசி பஸ்ஸுக்கு நடந்தா. அந்தப் படங்களை அவ இரண்டு வருடம் ஒத்துப் பார்த்தா. பெருநாளுக்குப் பெருநாள் வந்து நிஸாவிடம் சந்தேகம் கேட்டா. இக்ராமின் அடையாள அட்டைக்குப் புதிய படம் எடுத்தார்கள். கிராம சேவகர் இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, சாயல் மாறியுள்ளது, மனைவி உறுதிப்படுத்துகிறார் என்று எழுதி முத்திரை குத்தினார். அலுவலகத்தில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மஜீத் அதற்குப் பிறகு மருமகன் வேலையால் வரும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கப் பழகினார், ஒன்றும் பிடிபடுவதில்லை.

அன்று, கடைசி பஸ் போன பிறகும் வேலியில் ஏழெட்டுத் தலை மிச்சமிருந்தது. அவர்களுக்கு எல்லாம் விளங்கியிருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இக்ராம் காலைக் கழுவிவிட்டுப் படியில் ஏறி, வாசலில் நின்றான். உள்ளே போகலாமா என்று கேட்பது போல நின்றான். கல்யாணத்தன்றும் அவன் அப்படிக் கேட்டு நிற்கவில்லை. நிஸா அவனை உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள். திங்கட்கிழமை. புதிதாக ஒன்றும் இல்லை.

"உள்ளுக்குப் போங்க" என்றாள்.

அவன் பெட்டியோடு உள்ளே போனான். அவளும் போனாள், கதவைச் சாத்தினாள், இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டினாள்.